பங்குக்கு வக்காலத்து

டெக்ஸாஸுக்கா படிக்கப் போறே? நல்ல எடமாத்தான் பாத்திருக்கே பேராண்டி. அந்தக் காலத்துல வக்கீலுக்குப் படிக்கணும்னா லண்டனுக்குக் கப்பலேறுவாக. காந்தி ஏறினாக, ஜின்னா ஏறினாக. ஒருத்தருக்குச் செயில் கிடைச்சது, ஒருத்தருக்குத் தேசம் கிடைச்சது. நீ இந்த ரெண்டுக்கும் ஆசைப்படுத பய இல்லேன்னு ஒன் மூஞ்சியிலேயே எழுதியிருக்கு. ஒனக்கு வேண்டியது மூணாவது ஒண்ணு. அதுக்கு டெக்ஸாஸ்தான் சரியான சீமை.

படிச்சு முடிச்சு அரசாங்க வக்கீலா ஆகி சனங்களுக்குச் சேவை செய்யப் போறேன்னு ஒங்க அம்மைகிட்டச் சொன்னியாமே. அவ தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா. எனக்குத்தான் வவுறு கலங்கிருச்சு. முன்சீப் கோர்ட்டுல அமீனாவா இருந்து ரிட்டயரானவன் நான். வசூல்னா என்னன்னு எனக்குத் தெரியும். டிக்ரி வாங்குறது லேசு, காசு வாங்குறதுதான் கஷ்டம். ஜப்திக்குப் போற அன்னைக்குப் பாத்து வீட்டுல அண்டா குண்டா ஒண்ணும் இருக்காது. சம்சாரியோட உழவு மாட்டைத் தொடக் கூடாது, விதைத் தானியத்தைத் தொடக் கூடாதுன்னு சட்டம் வேற. இம்புட்டும் பாத்தவன் சொல்லுதேன், கேட்டுக்க. அரசாங்க ஆபீசுக்குள்ள போயி ஃபேனுக்குக் கீழ உக்காந்திராதே. வெளிய நின்னு, அரசாங்கம் தேடி வந்து கூப்பிடுத வக்கீலா ஆகு. உள்ள இருக்கவனுக்கு மாசச் சம்பளம். வெளிய இருக்கவனுக்குப் பங்கு.

"அரசாங்கத்துக்கிட்டதான் சம்பளத்துக்கு வக்கீல் பட்டாளமே இருக்கே, வெளிய எதுக்குத் தாத்தா ஆளு?"ன்னு கேக்கே. கிணத்துக்குள்ள குடம் விழுந்தா என்ன செய்வோம்? ஊருல யாராச்சும் ஒருத்தர் வீட்டுலதான் பாதாளக்கரண்டி இருக்கும். அவுக வீட்டு வாசல்ல போயி நிக்கணும். கரண்டி தருவாக, ஆனா ஒரு செம்போ தவலையோ ஈடா வச்சுட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும். அமெரிக்காவுல மாநில அரசாங்கத்தோட குடம் கிணத்துல கிடந்தது. கரண்டி வச்சிருந்தவன் ஈடு கேக்கலை. குடத்துலயே கால்வாசியை வெட்டிக் குடுத்துருங்கன்னுட்டான்.

அந்தக் குடம் எதுன்னு சொல்லுதேன். ஏழைபாழைகளுக்கு வைத்தியம் பாக்க மெடிகெய்ட்னு ஒரு திட்டம் அங்க உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பகுந்துக்கிடுவாக. சிகரெட்டு குடிச்சு நெஞ்சு கெட்டு வந்தவுகளுக்கு மாநிலங்கள் வருசக்கணக்கா செலவழிச்ச காசை, சிகரெட்டு வித்தவன்கிட்டயே திருப்பி வாங்குனா என்னன்னு மிசிசிப்பி மாநிலத்துல ஒருத்தருக்கு ரோசனை வந்தது. 1994 மே மாசம் அங்க அட்டர்னி ஜெனரலா இருந்த மைக் மூர் வழக்கைப் போட்டாரு. அவரோட சட்டக் கல்லூரிக் கூட்டாளி டிக்கி ஸ்க்ரக்ஸ் வெளி வக்கீலா வந்து சேந்தாரு. மாநில கவர்னர் கிர்க் ஃபோர்டைஸுக்கு இந்த வழக்கே பிடிக்கலை. அதை நிறுத்தணும்னு தன் அட்டர்னி ஜெனரல் மேலயே கோர்ட்டுக்குப் போனாரு. நம்ம ஊருல பிரசிடெண்டும் கிளார்க்கும் போடுத சண்டைதான், அங்க கொஞ்சம் கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டுப் போட்டாக.

நியாயத்தையும் சொல்லணும். அப்பம்லாம் சிகரெட்டு கம்பெனிக்காரன் அசைக்க முடியாத ஆளு. 40 வருசமா தனியாளுக எத்தனையோ பேரு வழக்குப் போட்டாக. கடைசிவரைக்கும் நின்னு ஒத்தக் காசு நஷ்டஈடு வாங்கினவன் கிடையாது. கம்பெனி வக்கீலுக வாய்தா வாங்கி, பேப்பரை மலையாக் குவிச்சு, எதிராளி கையில இருக்க காசு தீருதவரைக்கும் இழுப்பாக. மாநில அரசாங்கத்துக்கே அந்த மலையைப் படிச்சுப் பாக்க ஆளு காணாது, பட்ஜெட்டு காணாது. தோத்துட்டா சட்டமன்றத்துல கேள்வி வரும். அந்த நேரத்துல ஒருத்தன் வந்து, "செலவெல்லாம் என்னோடது, தோத்தா நீங்க சல்லிக்காசு தர வேண்டாம், ஜெயிச்சா மட்டும் பங்கு குடுங்க"ன்னு சொன்னா, வேண்டாம்னு யாரு சொல்லுவா? நானா இருந்தாலும் கையெழுத்துப் போட்டுட்டு காப்பித்தண்ணி குடுத்துத்தான் அனுப்புவேன்.

இங்கதான் நீ கவனிக்கணும். பங்கைப் பேசுதது எப்பம்? குடத்துல தண்ணி இருக்கா காத்து இருக்கான்னு ஒருத்தனுக்கும் தெரியாத அன்னைக்கு. அன்னைக்குக் கால் பங்குங்கது சும்மா வாய்ப்பேச்சுத்தான். தண்ணிக்குப் பதிலாத் தங்கம் வந்த பொறவு பாரு, அதே கால் பங்கு எப்பிடிக் கனக்குதுன்னு. அதனால நீ எப்பவும் காகிதத்துல சதவீதம் எழுதணும், தொகை எழுதக் கூடாது. 25னு எழுதினா யாருக்கும் உறுத்தாது. 280 கோடி டாலர்னு எழுதிப் பாரு, பேனா புடிச்ச பியூனே ஓடிருவான்.

280 கோடிங்கது நான் சும்மா சொன்ன கணக்கு இல்லலே. ஃப்ளோரிடா மாநிலம் 1997 ஆகஸ்டுல 1,130 கோடி டாலருக்குச் சமாதானம் ஆச்சு. வக்கீலுக ஒப்பந்தத்துல 25 சதவீதம். பாம் பீச் பக்கம் ஹெரால்டு கோஹன்னு ஒரு ஜட்ஜு, அவரு முன்னாடி இந்த ஃபீஸு சங்கதி வந்தது. மனுசன் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக் கணக்குப் போட்டாரு. 12 வக்கீலும் 42 மாசம் ராத்திரி பகலா, ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்லாம, தூங்காம, 24 மணி நேரமும் உழைச்சாகன்னு வச்சுக்கிட்டாலும், ஆளுக்கு மணிக்கு 7,716 டாலர் விழுகுதுன்னாரு. குளிக்குத நேரமும் கூலியில சேத்தி. கோர்ட்டோட மனசாட்சியே அதிர்ந்து போச்சுன்னு எழுதி, முடியாதுன்னுட்டாரு.

நீ உச்சுக் கொட்டாதே. கதை இனிமேதான் இருக்கு. ஜட்ஜு முடியாதுன்ன பொறவு வக்கீலுக சோர்ந்து போயி வீட்டுல படுத்தாகளா? மத்தியஸ்தத்துக்குப் போனாக. மூணு பேரு கொண்ட பஞ்சாயத்து: கம்பெனித் தரப்புக்கு ஒருத்தர், வக்கீல் தரப்புக்கு ஒருத்தர், நடுவுல ஒரு தலைவர். 1998 டிசம்பர்ல தீர்ப்பு வந்தது. மிசிசிப்பி வக்கீலுகளுக்கு 143 கோடி டாலர். டெக்ஸாஸ்காரவுகளுக்கு 330 கோடி. ஃப்ளோரிடாக்காரவுகளுக்கு 343 கோடி. நல்லாப் பாத்துக்க. 280 கோடி கேட்டு மனசாட்சி அதிர்ந்துச்சு, 343 கோடி குடுத்து அமைதியாயிருச்சு. கம்பெனித் தரப்பு ஆளு மட்டும் ஒத்துக்கிடலை. மூணுல ரெண்டு பேரு ஒரு பக்கம் சாஞ்சா போதும்லா.

நீ போற டெக்ஸாஸ் கதையும் இதே ஜாடைதான். அங்க 1998 சனவரியில 1,530 கோடி டாலருக்குச் சமாதானம். வழக்கை நடத்துனது அஞ்சு வக்கீல் கம்பெனி. ஒப்பந்தம் 15 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட 230 கோடி. அப்பம் அங்க கவர்னர் ஜார்ஜ் புஷ். அப்பா புஷ் இல்ல, மகன் புஷ். இந்தத் தொகை ரொம்ப அதிகம்னு அவரும் சட்டமன்றத்துக்காரவுகளும் கோர்ட்டுல மல்லுக்கட்டுனாக. "மாநிலத்துக் காசுல எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், கம்பெனிக்காரன் தனியாத் தருவான்"னு வக்கீலுக பெருந்தன்மையா ஒதுங்கிக்கிட்டாக. பெருந்தன்மைக்குக் கிடைச்ச கூலிதான் அந்த 330 கோடி. ஒப்பந்தத்தை விட்டுக் குடுத்து ஒப்பந்தத்தை விடக் கூடுதலா வாங்குன வித்தையை எந்தக் காலேஜுல சொல்லித் தாரான்னு விசாரிச்சு அங்கயே சேரு. அந்த ஃபீஸெல்லாம் ஒரே வருசத்துல குடுத்தா கம்பெனி படுத்துரும்னு, நாடு முழுக்க வக்கீலுகளுக்கு வருசத்துக்கு 50 கோடி டாலருக்கு மேல குடுக்கப்படாதுன்னு ஒரு வரம்பு வச்சாக. அதனால மிச்சம் வருசா வருசம் வந்துக்கிட்டு இருந்தது. நாம வயலைக் குத்தகைக்கு விட்டா ஒரு வருசம் நெல்லு வரும், மறு வருசம் குத்தகைக்காரனே வர மாட்டான். அவுகளுக்குச் சிகரெட்டு வயல், மழை பெய்யாட்டியும் விளையும்.

"கம்பெனிக்காரன்தானே குடுத்தான், அரசாங்கத்துக்கு என்ன நட்டம்?"னு நீ கேப்பே. எல்லாரும் அதைத்தான் கேட்டாக. இது ரொம்ப அழகான கேள்வி. நீ வக்கீலா ஆனா தினமும் காலையில எந்திரிச்சு இதைச் சொல்லிப் பாத்துக்க, உபயோகப்படும். ஆனா தாத்தனுக்கு ஒரு சந்தேகம். ஜப்தி வாரண்டோட ஒரு வீட்டுக்குப் போனா, கடன்காரன் மனசுல ஒரு கணக்கு இருக்கும்: மொத்தமா இம்புட்டு குடுத்தாத் தலைவலி ஒழியும்னு. அதுல கடன் குடுத்தவனுக்கு எம்புட்டு, அவன் வக்கீலுக்கு எம்புட்டுன்னு அவனுக்கு என்ன கவலை? அவன் குடுக்கத் துணிஞ்சது ஒரே மூட்டை. அதுல எங்க அவுத்தாலும் ஒரே மூட்டையிலேருந்துதான் எடுக்குதது.

அந்த மூட்டையைக் கட்டினது யாருன்னு பாரு, இன்னும் ருசி கூடும். 1998 நவம்பர்ல மத்த 46 மாநிலத்துக்கும் சேத்து 25 வருசத்துக்கு 20,600 கோடி டாலர்னு பெரிய ஒப்பந்தம் ஆச்சு. கையெழுத்தான அதே நாள் பெரிய கம்பெனிக்காரவுக சிகரெட்டுப் பாக்கெட்டுக்கு 45 சென்ட் விலையைக் கூட்டுனாக. அம்புட்டுத்தான். மில்லுல வேலை பாத்துட்டு வந்து வீட்டுப் படியில உக்காந்து இருமிக்கிட்டே பத்த வைக்குதானே ஒருத்தன், எவன் நெஞ்சுக்கு வைத்தியம் பாத்த காசுன்னு வழக்குப் போட்டாகளோ அவன், ஒரு பாக்கெட்டுக்கு 45 சென்ட் கூடக் குடுத்து மாநிலத்துக்கும் கட்டினான், வக்கீலுக்கும் கட்டினான். அவன் தரப்புல அந்தப் பேச்சுவார்த்தையில யாரும் உக்காரலை. அவன்தான் வாதியும் பிரதிவாதியும்.

சரி, ஆளு எப்பிடிப் புடிக்குததுன்னு சொல்லுதேன். மேசை நாற்காலி வாங்கணும்னாகூட டெண்டர் விடுத அரசாங்கம், வக்கீலைப் புடிக்கும்போது பாத்தா பல எடத்துல டெண்டரும் இல்ல, தண்டோராவும் இல்ல. அங்க அட்டர்னி ஜெனரல்ங்கது பெரும்பாலான மாநிலத்துல சனங்க ஓட்டுப் போட்டு எடுக்குத பதவி. ஓட்டுன்னா செலவு, செலவுன்னா நன்கொடை, நன்கொடைன்னா நண்பர். மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம், நீ பட்டணத்துல படிச்ச புள்ள. கன்சாஸ் மாநிலத்துல அட்டர்னி ஜெனரல் அம்மா சிகரெட்டு வழக்குக்கு வக்கீல் தேடுனாக. தேடித் தேடிப் பாத்து, தான் முன்னாடி வேலை பாத்த சட்ட நிறுவனத்தையே கண்டுபிடிச்சாக. தொலைச்ச எடத்துலதான தேடணும்.

டெக்ஸாஸ் அட்டர்னி ஜெனரல் டான் மொராலஸ் இன்னும் ஒரு படி தாண்டிட்டாரு. வழக்கு முடிஞ்ச பொறவு, தனக்கு வேண்டப்பட்ட ஒரு வக்கீலுக்கும் பங்கு சேர, முந்துன தேதியைப் போட்டுக் காகிதம் தயார் பண்ணிட்டாருன்னு வந்தது வழக்கு. 2003ல தபால் மோசடியும் பொய்யான வரிக் கணக்கும்னு குத்தத்தை ஒப்புக்கிட்டு 4 வருசம் செயிலுக்குப் போனாரு. நம்ம கோர்ட்டுல பழைய தேதி போட்ட பிராமிசரி நோட்டை எத்தனையோ பாத்திருக்கேன். அதுல ஒரு 500, 1,000தான் இருக்கும். அங்க கோடியில போடுதாக. சீமை பெருசு, எழுத்தும் பெருசு.

டிக்கி ஸ்க்ரக்ஸுக்கும் ஒரு முடிவு உண்டு. சிகரெட்டு வழக்கை வச்சு 'தி இன்சைடர்'னு 1999ல சினிமாவே எடுத்தாக, அதுல மைக் மூர் தன்னோட வேசத்தைத் தானே கட்டுனாரு. அவ்வளவு பேரு வாங்குன ஸ்க்ரக்ஸ், கத்ரீனா புயலுக்குப் பொறவு இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேல வழக்கு நடத்துனாரு. அந்த ஃபீஸைப் பங்கு போடுததுல கூட்டாளி வக்கீலுகளோட தகராறு. அந்தத் தகராறு வழக்குல ஜட்ஜுக்கு லஞ்சம் குடுக்கச் சதி பண்ணதுக்கு 2008ல 5 வருசம் தண்டனை. பங்கு வாங்கச் சாமர்த்தியம் இருந்தது, பங்கு பிரிக்கத்தான் இல்ல. அண்ணன் தம்பி சொத்துல பாகப்பிரிவினை கேட்டு நாப்பது வருசம் கோர்ட்டு வராண்டாவுல நின்ன குடும்பத்தையெல்லாம் எனக்குத் தெரியும். அவுகளுக்கு அங்கயும் சொந்தக்காரவுக இருக்காக போல.

இதெல்லாம் இப்பம் வந்த நோவுன்னு நெனைச்சிராதே. 1872லேயே அமெரிக்க மத்திய கஜானா இதைச் செஞ்சு பாத்திருக்கு. வரி கட்டாதவன்கிட்ட வசூல் பண்ணித் தர வெளியாளை வச்சுக்கிடலாம்னு சட்டம் வந்தது. ஜான் சான்பார்ன்னு ஒருத்தருக்கு ஒப்பந்தம். அவரு வக்கீல்கூட இல்ல. கூலி சரிபாதி. நூத்துக்கு அம்பது! மொதல்ல சாராய வியாபாரிகளைக் காட்டினாரு. பொறவு ஆசை வந்து, வரி பாக்கி வச்சிருக்குத ரயில் கம்பெனிகள்னு 592 பேரு கொண்ட ஜாபிதாவைக் குடுத்தாரு. எங்கேருந்து புடிச்சாரு அம்புட்டு பேரை? ரயில் கம்பெனிக் கையேட்டைப் பாத்து அப்பிடியே எழுதிட்டாரு. எவன் திருடன்னு தெரியாட்டி வாக்காளர் பட்டியலையே குத்தப்பத்திரிகையில சேத்துட்டா ஆச்சுங்க கணக்கு. மொத்தம் 4,27,000 டாலர் வசூல் ஆச்சு. 2,13,500 டாலர் அவரு பை. அதுல 1,56,000 ஒத்தாசைக்கு வந்த ஆளுகளுக்குச் செலவாச்சுன்னாரு. 1874ல பார்லிமெண்டு கமிட்டி விசாரிச்சா, அந்தக் காசுல பெரும்பகுதி வரி ஆபீஸ் குமாஸ்தாக்களே சும்மா வசூல் பண்ணியிருக்கக் கூடியதாம்! கஜானா மந்திரி வில்லியம் ரிச்சர்ட்சன் ராஜினாமா பண்ணாரு. அவரை ஜனாதிபதி கிராண்ட் எங்க அனுப்பினாருங்கே? அரசாங்கத்து மேல காசு கேட்டு வாரவுக வழக்கை விசாரிக்குத கோர்ட்டுக்கு ஜட்ஜா அனுப்பினாரு. ஆளுகளோட அனுபவம் வீணாப் போகக் கூடாதுல்லா.

பாத்துக்கிட்டே வாரியா? அந்த சான்பார்ன் கதையில இருக்கதுதான் சூட்சுமம். கிணத்து அடியில கிடக்க குடத்துக்குப் பங்கு குடுக்கலாம். திண்ணையில இருக்க குடத்தைக் கிணத்துக்குள்ளேருந்து எடுத்தேன்னு சொல்லுதவனுக்கு எதுக்குப் பங்கு? நீ வாங்குத பங்கு எதுக்குன்னு ஒருத்தனும் கேக்கப்படாதுன்னா, வசூல் கஷ்டமா லேசாங்கது வெளிய தெரியவே கூடாது. மணிக்கணக்கு எழுதாதே. பங்குக்கு வேலை பாக்குத வக்கீலுக வழக்கமா அதை எழுதுததும் இல்ல. எழுதி வச்சா அந்த ஃப்ளோரிடா ஜட்ஜு மாதிரி எவனாவது பென்சிலைத் தூக்கிட்டு வந்துருவான்.

எல்லா எடத்துலயும் ஏமாளிக இல்லேங்கதையும் சொல்லிருதேன், இல்லேன்னா தாத்தன் பொய் சொன்னாருன்னு அங்கேருந்து போன் போடுவே. மேரிலாண்ட்ல பீட்டர் ஏஞ்சலோஸ்னு பெரிய வக்கீல், பால்டிமோர் பேஸ்பால் அணிக்கே மொதலாளியா இருந்தவரு. ஒப்பந்தம் 25 சதவீதம், கேட்டது 100 கோடி டாலர் அளவுக்கு. சட்டமன்றம் பாதியா வெட்டிச்சு. நீயா நானான்னு இழுத்து 2002ல 15 கோடி டாலரோட முடிஞ்சது. மாசசூசெட்ஸ்ல மத்தியஸ்தர்கள் 77.5 கோடி டாலர் குடுத்தாக. வக்கீலுகளுக்கு அது காணலை. 25 சதவீதம்னு எழுதியிருக்குல்லா, மிச்சத்தைக் குடுன்னு மாநிலத்து மேலயே வழக்கு. ஜூரியில உக்காந்த சாதாரண சனங்க 2003ல சொன்னாக: வாங்குனது போதும், வீட்டுக்குப் போங்க. ஜூரின்னு ஒண்ணு இருக்குத எடத்துக்குப் போகாம இருக்குததுதான் ஒனக்கு நல்லது. அவுகள்ல சில பேரு சிகரெட்டு வாங்குதவுக.

நம்ம ஊருல இந்த யாவாரமே கிடையாது, தெரியும்லா? ஜெயிச்சா இம்புட்டுப் பங்குன்னு வக்கீல் ஃபீஸ் பேசப்படாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. 1954லயே சுப்ரீம் கோர்ட்டு சீனியர் வக்கீல் ஒருத்தரு பாதிப் பங்குக்கு வழக்கை எடுத்தாருன்னு தண்டிச்சிருக்காக. ரொம்பக் கண்டிப்பு. மோட்டார் விபத்து கேஸுல மட்டும் என்ன நடக்குதுன்னு கேக்காதே. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குக் கண்ணுல தூசி விழுந்துரும்.

அமெரிக்காக்காரன் தடை போடலை, அளவு போட்டான். அதுதான் எனக்குப் பிடிச்சது, ஒனக்குப் பிடிக்காது. ஃப்ளோரிடாவுல 2010ல ஒரு சட்டம். வசூலாகுத மொத 1 கோடி டாலருக்கு 25 சதவீதம்வரை வாங்கிக்க. அடுத்த 50 லட்சத்துக்கு 20. அதுக்கடுத்த 50 லட்சத்துக்கு 15. அப்புறம் 10. 2.5 கோடியத் தாண்டுனா 5தான். எப்பிடிச் சுத்துனாலும் மொத்தம் 5 கோடி டாலருக்கு மேல கிடையாது. இந்தப் படிக்கட்டை எவன் யோசிச்சானோ அவன் நிச்சயமா வசூலுக்குப் போனவன்தான். மொத மூட்டையை வெளிய எடுக்கதுலதான் வேர்வை சிந்தும். எதிராளி பணிஞ்சுட்டான்னா மிச்ச மூட்டைக தானா நடந்து வரும். மிச்ச மூட்டைக்கும் அதே கூலி எதுக்குக் குடுக்கணும்? அன்னைக்கே இதை எழுதியிருந்தா அந்த 12 பேரும் தூங்கியிருப்பாக, ஜட்ஜோட மனசாட்சியும் தூங்கியிருக்கும்.

டெக்ஸாஸ்லயும் 1999லேயே கடிவாளம் போட்டுட்டாக. வெளி வக்கீல் மணிக்கணக்கு எழுதியே ஆகணும். உழைச்ச மணிக்கு ஒரு ரேட்டுப் போட்டு, வழக்கோட கஷ்டத்துக்குத் தக்கன அதைப் பெருக்கிக்கிடலாம், ஆனா நாலு மடங்குக்கு மேல போகப்படாது. நாலு மடங்கு போதாதான்னு கேக்குத சம்சாரிக்கு அது புரியாது. கூலிக்காரனுக்கு ரெட்டைக் கூலி குடுக்கணும்னாலே நம்ம ஊருல பஞ்சாயத்து கூடும்.

இன்னொரு வில்லங்கம் கலிஃபோர்னியாவுல. ஈயம் கலந்த பெயிண்டு வித்த கம்பெனிகள் மேல, நம்ம தாலுகா, ஜில்லா மாதிரி இருக்க கவுண்டிகளும் நகரங்களும் பங்குக்கு வக்கீல் வச்சு வழக்குப் போட்டாக. லாபத்துல பங்கு உள்ளவன் அரசாங்கத்தோட பேருல நிக்கலாமான்னு கேள்வி. 2010ல அங்க சுப்ரீம் கோர்ட்டு நிக்கலாம்னுச்சு, ஆனா கயிறு அரசாங்க வக்கீல் கையில இருக்கணும். சமாதானம் பேசுதது, வழக்கை விடுதது எல்லாம் அவரு முடிவு. எதிராளி நெனைச்சா வெளி வக்கீலைத் தாண்டி நேரா அரசாங்க வக்கீல்கிட்டயே பேசலாம். இது ரொம்ப அவசியம், பாத்துக்க. ஒரு கம்பெனி, "காசுக்குப் பதிலா அத்தனை வீட்டுலயும் பெயிண்டைச் சுரண்டி சுத்தம் பண்ணித் தாரோம்"னு வந்தா புள்ளைகளுக்கு அதுதான் நல்லது. ஆனா சுரண்டுன பெயிண்டுல 25 சதவீதத்தை வக்கீல் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாதுல்லா. அந்த எடத்துல அவன் வாயி எந்தப் பக்கம் பேசும்னு நெனைக்கே?

அதனால பழைய வித்தையெல்லாம் அப்பிடியே பலிக்காது. எங்க போகணும், எங்க போகக் கூடாதுன்னு மட்டும் சொல்லிட்டு நான் வெத்தலை போடப் போறேன். வாஷிங்டன் பக்கம் தலை வச்சுப் படுக்காதே. டெக்ஸாஸ்ல அந்த 330 கோடியைப் பாத்து வயிறெரிஞ்ச அதே புஷ் ஜனாதிபதி ஆன பொறவு, 2007 மே மாசம் உத்தரவு போட்டுட்டாரு, மத்திய அரசு ஆபீஸு எதுவும் பங்குக்கு வக்கீல் வைக்கப்படாதுன்னு. பெரிய மாநிலங்களும் உசாராயிட்டாக. நீ கவுண்டியைப் புடி. அங்க மூவாயிரத்துக்கு மேல கவுண்டி கிடக்கு. வலிமாத்திரை முழுங்கிச் சனங்க போதைக்கு அடிமையானதுக்குப் போட்ட வழக்குல இந்தக் கவுண்டிகளும் டவுனுகளும்தான் ஆயிரக்கணக்குல வந்து நின்னாக. 2021ல மூணு மருந்து மொத்த வியாபாரிகளும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் சேந்து 2,600 கோடி டாலருக்கு இறங்கி வந்தாக. அந்த வழக்குக் கட்டெல்லாம் இருந்தது ஓஹையோவுல டான் போல்ஸ்டர்ங்க ஜட்ஜுகிட்ட. எந்த ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்தாலும் சரி, 15 சதவீதத்துக்கு மேல வாங்கப்படாதுன்னு அவரு ஒரே வெட்டா வெட்டிட்டாரு. ஆனா 15ஏ போதும்லே. கவுண்டி ஆபீஸுல பல எடத்துல ஒரே ஒரு வக்கீல்தான் இருப்பாரு. ரோட்டுக் குழிக்கும், நாய் கடிச்சதுக்கும், ஷெரீஃபு காருக்கும் அவரே நோட்டீசு எழுதணும். அவருகிட்ட மரியாதையாப் பேசு. செலவு என்னோடதுன்னு சொல்லு. சதவீதத்தை மட்டும் முன்கூட்டியே எழுதி வாங்கு, தொகையைப் பத்தி அவரு வாயைத் தொறக்குததுக்குள்ள காப்பி வாங்கிக் குடுத்துரு. உங்க அம்மைகிட்ட இதெல்லாம் நான் சொன்னேன்னு சொல்லாதே. சேவை செய்யப் போறேன்னே சொல்லு. அது பொய்யுன்னு எவனும் நிரூபிக்க முடியாது.